வண்டி தானாக ஓடாது

(கோவில்பட்டியில் சிறு வணிகர்களும் விவசாயிகளும் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உள்ளே வரும்போது வாசலில் ஒரு தம்பி என்னை நிறுத்தினார். “அண்ணாச்சி, ஜே.சி.பி. ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன். தீப்பெட்டி ஆபீஸ் அது பாட்டுக்கு ஓடும், வண்டி அது பாட்டுக்கு ஓடும். சரிதானே?” என்று கேட்டார். மேடையில் பதில் சொல்கிறேன், உட்காருங்கள் என்றேன். அந்த ஒரு கேள்விக்குத்தான் இந்த ஒரு மணி நேரமும்.

நான் உரக்கடைக்காரன். பதினான்கு வருடமாகக் கடையோடு சேர்த்து ஒரு ஜே.சி.பி. வண்டியும் வைத்திருக்கிறேன். முதல் வண்டி பழையது, இப்போது இருப்பதும் பழையதுதான். இந்த உபதொழிலில் என் இரண்டு பிள்ளைகளின் படிப்புச் செலவு வந்திருக்கிறது. ஒருமுறை வீட்டுப் பெண்களின் நகை அடகுக்கும் போயிருக்கிறது. இரண்டையும் சொல்கிறேன்.

நம் ஊரில் மண் தோண்டும் எந்த மஞ்சள் வண்டிக்கும் ஜே.சி.பி. என்றுதான் பெயர். சங்கிலிச் சக்கரத்தில் நகரும் பெரிய வண்டியை ஹிட்டாச்சி என்கிறோம், பொக்லைன் என்கிறோம். மூன்றுமே கம்பெனிப் பெயர்கள். ஜே.சி.பி. என்பது ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட் என்ற ஆங்கிலேயரின் பெயர்ச் சுருக்கம். 1945-இல், போர் முடிந்த கையோடு, அவர் ஒரு வாடகை ஷெட்டில் தொழிலைத் தொடங்கினார். பழைய வெல்டிங் இயந்திரம் ஒன்றை மலிவாக வாங்கி, போரில் மிஞ்சிய இரும்பைப் பற்றவைத்து, விவசாயிகளுக்கான டிப்பிங் டிரெய்லர் ஒன்றைச் செய்தார். சந்தையில் அது 45 பவுண்டுக்குப் போனது. கூடவே வாங்கியவரின் பழைய வண்டியும் மாற்றாகக் கிடைத்தது. அதைச் செப்பனிட்டு இன்னொரு 45 பவுண்டுக்கு விற்றார். முன்னால் வாளியும் பின்னால் தோண்டும் கையும் கொண்ட வண்டி 1953-இல்தான் வந்தது. இந்தியாவில், ஹரியானாவின் பல்லப்கரில், 1979-இல் தயாரிப்பு தொடங்கியது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த மனிதர் முதலில் சந்தையில் என்ன தேவை என்று பார்த்தார், கையில் இருந்த இரும்பில் அதைச் செய்தார், பெரிய வண்டி எட்டு வருடம் கழித்துத்தான் வந்தது. நம்மில் பலர் நேர்மாறாகச் செய்கிறோம். வண்டி வீட்டு வாசலில் வந்து நின்று, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கிய பிறகுதான் வேலை எங்கே இருக்கிறது என்று தேடுகிறோம்.

கணக்குக்கு வருகிறேன். கையில் பேனா இருப்பவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். இவை உதாரணத்துக்கு நான் வைக்கும் தொகைகள். உங்கள் ஊர் வாடகையையும் விலையையும் போட்டு நீங்களே திருத்திக்கொள்ள வேண்டும்.

புது வண்டி. கையிலிருந்து 10 லட்சம் போடுகிறீர்கள், 25 லட்சம் கடன். நான்கு வருடம், வட்டி 11 சதவீதம். மாத டியூ ஏறக்குறைய 64,600 ரூபாய். ஆபரேட்டர் சம்பளம் 18,000. இன்சூரன்ஸ், வரி, ஷெட் எல்லாம் சேர்த்து மாதம் 5,000 என்று வைப்போம். வண்டி நகர்ந்தாலும் நகராவிட்டாலும் மாதம் 87,600 ரூபாய் வெளியே போகும்.

வரவு என்ன? மணிக்கு 1,200 ரூபாய் வாடகை என்று வையுங்கள். மணிக்கு ஐந்து லிட்டர் டீசல், அதில் 470 ரூபாய் போய்விடும். ஆபரேட்டர் பேட்டா மணிக்கு 50 விழும். ஆயில், கிரீஸ், பக்கெட் பல், டயர், ஹோஸ் என்று 150 ஒதுக்க வேண்டும். மிச்சம் 530. 87,600-ஐ 530-ஆல் வகுத்துப் பாருங்கள், 165 மணி நேரம் வரும். மாதம் 165 மணி நேரம் வண்டி ஓடினால்தான் நீங்கள் பூஜ்யத்துக்கே வருகிறீர்கள். அதற்கு மேல் ஓடும் மணியில்தான் உங்கள் வீட்டுக்கு ஒரு ரூபாய் வரும்.

ஒரு நாளைக்கு ஆறரை மணி நேரம்தானே என்று நினைப்பீர்கள். நம் பூமி கரிசல். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழை பெய்தால் ஏழரை டன் எடையுள்ள வண்டி அச்சுவரை இறங்கிவிடும். அதை இழுக்க இன்னொரு வண்டிக்கு வாடகை கொடுக்க வேண்டும். மழையை விடுங்கள். புரட்டாசியில் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் விதைத்துவிட்டால், அறுவடை முடியும் தை, மாசிவரை எந்தக் காட்டுக்குள்ளும் வண்டியை விடமாட்டார்கள். வீட்டு வேலை இருக்கிறதே என்றால், ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலோர் வானம் தோண்டமாட்டார்கள். தை பிறந்தால் வாஸ்து நாளுக்கு எல்லோரும் ஒரே காலையில் கூப்பிடுவார்கள், நம்மிடம் இருப்பதோ ஒரு வண்டி. ஆக, வருடத்தில் உருப்படியாக ஒன்பது மாதம். பன்னிரண்டு மாத டியூவை ஒன்பது மாதத்தில் சம்பாதிக்க வேண்டுமானால் மாதம் 220 மணி நேரம், மாதம் 26 நாள் ஓடினாலும் நாளைக்கு எட்டரை மணி. ஒரு சிறு ஊரில், ஒரே ஆள், வேறு தொழிலையும் பார்த்துக்கொண்டு இவ்வளவு வேலை பிடிப்பது மிகக் கடினம்.

இன்னொன்று. அவ்வளவு மணி ஓட்டிவிட்டால் வருட வரவு 23 லட்சத்தைத் தாண்டும். சேவைத் தொழிலில் 20 லட்சம் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம், ஆபரேட்டரோடு சேர்த்து வண்டி வாடகைக்கு விட்டால் 18 சதவீதம். 1,200 ரூபாய் மணிக்கு 216 ரூபாய். கான்ட்ராக்டர் கொடுப்பார், அவருக்கு வரவு வைக்க வழி உண்டு. வீடு கட்டும் ஆசிரியர் கொடுக்கமாட்டார். விவசாய வேலைக்கு விலக்கு எதற்கெல்லாம் உண்டு என்பதை வண்டி எடுப்பதற்கு முன்பே ஆடிட்டரிடம் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள்.

இதே கணக்கைப் பழைய வண்டிக்குப் போடுவோம். 12 லட்சத்துக்கு ஒரு வண்டி. 7 லட்சம் கைக்காசு, 5 லட்சம் கடன், மூன்று வருடம், வட்டி 14 சதவீதம். டியூ 17,100 வரும். சம்பளம் அதே 18,000, மற்றவை 4,000. மொத்தம் 39,100. பழைய வண்டி என்பதால் ரிப்பேருக்கு மணிக்கு 150-க்குப் பதில் 250 ஒதுக்குகிறேன். மிச்சம் 430. வகுத்தால் 91 மணி நேரம். 165 எங்கே, 91 எங்கே! உபதொழிலாக நடத்த நினைப்பவர்களுக்குப் பழைய வண்டிதான் சரி என்று நான் அடித்துச் சொல்வது இந்த வித்தியாசத்தை வைத்துத்தான். ஷோரூமில் உங்களுக்கு இதைச் சொல்லமாட்டார்கள்.

ஆனால் பழைய வண்டியை வாங்கத் தெரிய வேண்டும். ஹவர் மீட்டரை நம்பாதீர்கள், அது மாற்றக்கூடிய பொருள். பின்களையும் புஷ்களையும் பாருங்கள். பக்கெட்டைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி நிறுத்தி, கடப்பாரையால் நெம்பி ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் அந்த வண்டி கிரீஸைக் கண்டு நாளாயிற்று என்று பொருள். பின்னால் தோண்டும் கையான பூமைத் தாங்கித் திருப்பும் கிங் போஸ்டில் ஆட்டம் இருக்கிறதா, சேசிஸில் வெல்டிங் வைத்திருக்கிறார்களா என்று கீழே படுத்துப் பாருங்கள். பூமைத் தூக்கி வைத்து என்ஜினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் தள்ளி நின்று கவனியுங்கள். தானாக இறங்கினால் சிலிண்டர் சீலோ வால்வோ போயிருக்கிறது. வண்டி நன்றாகச் சூடேறிய பிறகு ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா? என்ஜின் வேலை பாக்கி இருக்கிறது. நம்பிக்கையான மெக்கானிக் ஒருவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள், அந்தப் பணம் வீண் போகாது. ஆர்.சி. புத்தகத்தில் பைனான்ஸ் பெயர் இருந்தால் தடையில்லாச் சான்று கைக்கு வராமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள். அந்த எண்ணின் மேல் போலீஸ் வழக்கு உண்டா என்பதையும் விசாரியுங்கள்.

ஏன் வழக்கைப் பற்றிச் சொல்கிறேன் என்பதை என் கதையிலிருந்தே சொல்ல வேண்டும்.

வண்டி வாங்கிய மூன்றாவது வருடம். இரவு எட்டரை மணிக்குக் கடையைச் சாத்தும் நேரத்தில் ஒரு போன். கண்மாயில் பத்து டிப்பர் மண் ஏற்ற வேண்டும், அனுமதி இருக்கிறது, மணிக்கு 300 ரூபாய் கூடுதல் என்றார் எதிர்முனையில் பேசியவர். அந்த மாதம் டியூவுக்கு எட்டாயிரம் குறைந்திருந்தது. அனுமதிக் காகிதத்தை வாங்கிப் பார்க்காமல் வண்டியை அனுப்பினேன். காகிதம் இருந்தது உண்மைதான், அதில் இருந்த சர்வே எண் வேறு கண்மாய்க்கு உரியது. நடு இரவில் பிடித்தார்கள். ஆபரேட்டர் தம்பிக்கு அப்போது இருபத்தாறு வயது, பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர் பெயரும் வழக்கில் சேர்ந்தது. வண்டி ஸ்டேஷன் வளாகத்தில் நான்கு மாதம் வெயிலில் நின்றது. பேட்டரி செத்தது, ஹோஸ்கள் வெடித்தன, டயரில் பாளம் பாளமாக விரிசல். டியூ மட்டும் மாதா மாதம் தவறாமல் வந்தது. நகை அடகுக்குப் போனது அப்போதுதான். எல்லாவற்றையும்விட, அந்தத் தம்பியின் அப்பா என் கடை வாசலில் வந்து ஒன்றும் பேசாமல் அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போனார். அவரும் மண்வெட்டி பிடித்துக் கண்மாய் வெட்டிய மனிதர். உடம்பால் மண் வெட்டியவரின் மகனை மண்ணுக்காகவே குற்றவாளி ஆக்கினேன் என்பது இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது.

அதனால் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். நிரப்பவும் மட்டப்படுத்தவும் கட்டுமானத்துக்குக் கொண்டுபோகும் சாதாரண மண்ணையும் 2000-ஆம் ஆண்டிலேயே சிறு கனிமம் என்று மத்திய அரசு அறிவித்துவிட்டது. 1957-ஆம் வருடக் கனிமச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி, அனுமதியில்லாமல் எடுத்தால் ஐந்து வருடம்வரை சிறை, ஹெக்டேருக்கு ஐந்து லட்சம்வரை அபராதம், வண்டியும் பறிமுதல். ஒருவர் தன் காட்டுக்குள் வரப்பு போடுவதும், பள்ளம் மேடு நிரவுவதும், பண்ணைக்குட்டை வெட்டிக் கரையிலேயே மண்ணைப் போடுவதும் வேறு. அந்த மண் டிப்பரில் ஏறி ரோட்டுக்கு வருவது வேறு. விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் கண்மாய் வண்டல் எடுக்க வழி இருக்கிறது, 2024-இலிருந்து வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று எளிதாக்கியிருக்கிறார்கள். அந்த வேலை நல்ல வேலை. கரம்பை அடித்த காடு எப்படி விளையும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். காகிதத்தில் நான்கு விஷயம் பாருங்கள். சர்வே எண், எத்தனை யூனிட், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, யார் பெயருக்கு. நான்கும் பொருந்தாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். இருட்டிய பிறகு மண் ஏற்றக் கூப்பிட்டால், என்ன காகிதம் காட்டினாலும் நான் போவதில்லை.

சரி, வேலை எங்கே இருக்கிறது? நம் பக்கத்தில் வேலிக்கருவை, அதாவது சீமைக் கருவேலத் தூர் பிடுங்குவது பெரிய வேலை. மேலே வெட்டிக் கரிமூட்டம் போட்டாலும் தூர் கிடந்தால் அடுத்த மழைக்குத் தழைத்துவிடும், வண்டி இல்லாமல் அதைப் பிடுங்க முடியாது. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டபோது எங்கள் வண்டிகளுக்கு ராத்திரி பகல் ஓய்வில்லை. அந்த வேகத்தைப் பார்த்து ஒருவர் அவசரமாகப் புது வண்டி எடுத்தார். அதே வருடக் கோடையில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. வேலை ஒரே நாளில் நின்றது. இரண்டு வருடத்துக்குள் பைனான்ஸ்காரர்கள் அவர் வண்டியை சீஸ் செய்துவிட்டார்கள். ஒரே உத்தரவை, ஒரே கான்ட்ராக்டரை, ஒரே திட்டத்தை நம்பி வண்டி எடுத்தால் அதுதான் ஆபத்து. பைப் லைன் பள்ளம், செப்டிக் டேங்க் குழி, வீட்டு வானம், தென்னங்குழி, வரப்பு, ஓடை தூர்வாருதல் என்று சிறு வேலைகள் பத்து இடத்திலிருந்து வந்தால்தான் 91 மணி நேரம் நிரம்பும். தென்னங்குழியை எடுத்துக்கொள்ளுங்கள், மூன்றுக்கு மூன்று அடி, மூன்றடி ஆழம், ஏக்கருக்கு எழுபது குழி. இந்த மாதிரி வேலையை நாம் நல்லபடியாக முடித்துக் கொடுத்தால், வேலை கொடுத்தவர் பக்கத்துக் காட்டுக்காரரிடம் சொல்வார். வேளாண்மைப் பொறியியல் துறையும் இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது, அதன் வாடகை நம்முடையதைவிடக் குறைவு. ஆனால் விவசாயி முன்பதிவு செய்து முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். நாளைக் காலையில் வா என்றால் வரும் வண்டி என்பதுதான் நம் பிழைப்பு.

உபதொழில் என்ற சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. முதலாளி வேறு இடத்தில் இருக்கிறார், வண்டி வேறு இடத்தில் இருக்கிறது. நடுவில் ஆபரேட்டர். வண்டி நின்ற இடத்தில் என்ஜின் உறுமிக்கொண்டிருந்தாலும் ஹவர் மீட்டர் ஓடும், சர்வீஸ் மணி குறையும், வாடகை மணி ஏறாது. எனவே ஒரு நோட்டு போட்டேன். ஷெட்டை விட்டுக் கிளம்பும்போது மீட்டர் எண், வேலை தொடங்கும்போது, முடியும்போது, டீசல் எத்தனை லிட்டர், வேலை கொடுத்தவர் கையெழுத்து. சாயங்காலம் கடைக்கு அந்த நோட்டு வந்துவிட வேண்டும். இது சந்தேகத்துக்காக அல்ல என்று முதல் நாளே ஆபரேட்டரிடம் சொன்னேன். வேலை கொடுத்தவர் “மூன்று மணி நேரம்தான் ஓடியது” என்று வாதாடும்போது தம்பியைக் காப்பாற்றுவது அந்தக் கையெழுத்துதான். ஆபரேட்டரின் சம்பளத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். காலையில் பதினைந்து நிமிடம் எல்லாப் பின்னுக்கும் கிரீஸ் வைக்கிறவருக்கு மாதம் இரண்டாயிரம் கூடக் கொடுத்தால், வருடத்தில் ஒரு புஷ் செட்டில் அது திரும்பி வந்துவிடும். கேனில் வாங்கிய அழுக்கு டீசலை ஊற்றாத ஆள் கிடைத்தால் அவரைக் குடும்பத்தில் ஒருவராக வைத்துக்கொள்ளுங்கள். என் வண்டியில் இன்று இருப்பவர் அதே தம்பிதான். வழக்கு முடிந்த பிறகு நானே போய் அவர் அப்பாவிடம் கேட்டு அழைத்து வந்தேன்.

வசூல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்களில் பலருக்குக் கடை இருக்கிறது. விவசாயி அறுவடைக்குத் தருகிறேன் என்றால் நான் காத்திருப்பேன், பதினான்கு வருடத்தில் இரண்டு பேர்தான் தராமல் போயிருக்கிறார்கள். பில் பாஸ் ஆனதும் தருகிறேன் என்று சொல்லும் கான்ட்ராக்டரிடம் டீசலை அவரே போடச் சொல்வேன். பணம் தாமதமானாலும் என் கைக்காசு பள்ளத்தில் போகாது.



கடைசியாக உயிர் பற்றி. மற்ற எல்லாவற்றிலும் நஷ்டம் வந்தால் ஈடு கட்டலாம். பூமை முழுக்க உயர்த்தினால் பதினைந்து அடிக்கு மேல் போகும், காட்டுக்குள் தொய்ந்து கிடக்கும் மின்கம்பி அதற்குள் வந்துவிடும். வேலைக்கு முன் ஒரு முறை தலையைத் தூக்கிப் பார்க்காத ஆபரேட்டரை நான் வைத்துக்கொள்வதில்லை. ஐந்தடிக்கு மேல் நேர் சுவராக வெட்டிய பள்ளத்தில் பைப் பொருத்த ஆளை இறக்கச் சொன்னால், பக்கவாட்டைச் சரித்து வெட்டித் தந்த பிறகுதான் இறங்க விடுவோம். கரிசல் காய்ந்து வெடித்திருக்கும்போது பார்க்க உறுதியாக இருக்கும், சரியும்போது சத்தமே கேட்காது. ஊருக்குள் தோண்டினால் குடிநீர்க் குழாய், டெலிபோன் கேபிள் எங்கே போகிறது என்று பஞ்சாயத்தில் கேளுங்கள். 2023-இல் மத்திய அரசு இதற்காகவே ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற செயலியைக் கொண்டுவந்திருக்கிறது, அதையும் பயன்படுத்துங்கள். வண்டி வேலை செய்வதை வேடிக்கை பார்க்கக் குழந்தைகள் கூடிவிடுவார்கள். பின்கை சுற்றும் வட்டத்துக்குள் யாரும் வராமல் பார்க்க ஒரு ஆளைக் கட்டாயம் நிறுத்துங்கள். அவருடைய கூலியைக் கணக்கில் சேர்த்து வாடகை சொல்லுங்கள். ஐம்பது ரூபாய் கூடுதல் என்று வேலை கைவிட்டுப் போனால் போகட்டும்.

வாசலில் கேட்ட தம்பிக்கு என் பதில். வண்டி அது பாட்டுக்கு ஓடாது, தம்பி. நீங்கள் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தினம் காலையில் ஒரு மணி நேரமும் சாயங்காலம் ஒரு மணி நேரமும் ஒதுக்க முடியும் என்றால் எடுங்கள், பழையதாக எடுங்கள். முடியாது என்றால் அந்த ஏழு லட்சத்தைத் தீப்பெட்டி ஆபீஸிலேயே போடுங்கள். எடுப்பதற்கு முன் மூன்று மாதம் வேறு ஒருவர் வண்டியை வாடகைக்குப் பிடித்து, நீங்களே வேலை வாங்கி, நீங்களே வசூல் செய்து பாருங்கள். மூன்று மாதமும் சராசரியாக நூறு மணி நேரம் வந்தால் அட்வான்ஸ் கொடுங்கள்.

யாருக்காவது நேரில் பார்க்க வேண்டும் என்றிருந்தால், என் வண்டி நாளைக் காலை ஏழு மணிக்கு எட்டயபுரம் ரோட்டில் ஒரு பைப் லைன் வேலையில் நிற்கும். பதினான்கு வருட நோட்டுகளும் கடையில் இருக்கின்றன. நஷ்டப்பட்ட மாதங்களும் அவற்றில் அப்படியே இருக்கின்றன. வந்து புரட்டிப் பாருங்கள்.